அடுப்புக்குள் ஏழு உறைகள்

புதன்கிழமை ஆறு மணிக்கு
கார்டிஃப் துறைமுகத்தின் பின்தெருவில்
சலவைக்கடை ஷட்டரைப் பாதி இறக்குவார் நாசிர்.
குனிந்துதான் உள்ளே வரவேண்டும்.
கடைசி இயந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்
யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடையை.

முதல் வாரம் நான்கு பேர்.
ஏலக்காய் போதுமா, சர்க்கரை போதுமா என்று
தேநீரைப் பற்றியே பேசிவிட்டுக் கலைந்தோம்.
கைப்பைகள் மடியைவிட்டு இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் வின்சம்,
ஆஸ்பத்திரித் தரையை இரவெல்லாம் துடைத்துவிட்டு வந்தவள்,
ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தாள்.
பழுப்பு உறைகள்.
இஃப்ரா எண்ணினாள்: அறுபத்து மூன்று.
ஒன்றைப் பிரித்து உரக்கப் படித்தாள்,
‘அன்புள்ள திருமதி...’
‘அன்பைப் பாரேன்’ என்றாள் வின்சம்.
அப்போதுதான் சிரித்தோம்,
மூக்கில் தேநீர் ஏறும்வரை.

நூற்றுப் பத்து பவுண்டு வீட்டுவரி.
நீதிமன்றத்துக்குக் கூலி,
கடிதம் எழுதியதற்குக் கூலி,
கதவைத் தட்டியதற்குக் கூலி,
ஆளில்லை என்று திரும்பிப் போனதற்கும்.
நானூற்று எண்பதாகக் குட்டி போட்டிருந்தது.
‘என் அப்பா
இந்த ஊர்க் கப்பல்களுக்குக் கரி அள்ளிப் போட்டார்,
வெள்ளைக்காரனுக்குக் கொடுத்த கூலியில் பாதிக்கு.
மீதிப் பாதிக்கு எனக்கு ஒரு உறையும் வரவில்லை’
என்றார் நாசிர், சில்லறையை எண்ணியபடி.

கதவைத் திறக்காமலே பேசலாம் என்று கற்றுக்கொண்டோம்.
குழந்தை உறங்கும் கட்டிலை அவர்கள் தூக்க முடியாது என்றும்.
தெரியாமல் தூக்கக் கொடுத்தவள்
எழுந்து போய்
காலியான இயந்திரத்துக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹோதனின் அடுக்குமாடிக் கீழே வெள்ளை வேன் நின்ற காலை
பத்தொன்பது பேர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.
தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒருத்தி,
இரவு உடையும் பனிக்கால பூட்ஸுமாக ஒருத்தர்.
யாரும் கத்தவில்லை.
வந்தவன் எங்களைப் பார்த்தான், தாளைப் பார்த்தான்,
வேனுக்குள் போய் சாண்ட்விச் தின்றான்.
போனான்.

வெற்றி என்று சொல்லமாட்டேன்.
வெள்ளிக்கிழமை திரும்பி வந்தான், நாங்களும்.
நகரசபை வின்சத்தின் குட்டிகளை மட்டும் தள்ளுபடி செய்தது,
தாயை மாதம் பன்னிரண்டு பவுண்டாகக் கட்டுகிறாள்.
இன்னும் முப்பத்தோரு பேர் வரிசையில்.

இவர்களுக்கெல்லாம் பதில் கடிதம் எழுதுகிறவள் நான்.
கையெழுத்து நன்றாக இருக்குமாம்.
என் மீட்டரில் காசு தீர்ந்து நாளாகிறது,
பற்றவைக்காத அடுப்புக்குள்
ரொட்டித் தட்டின் கீழே ஏழு உறைகள்.
யாருக்கும் தெரியாது.
கற்றுக்கொடுப்பவளுக்கு மட்டும் மானம் அதிகம் போலிருக்கிறது.

நேற்று ஷட்டருக்குக் கீழே குனிந்தபோது
பை இடித்தது.
எல்லோரும் பார்த்தார்கள்.
வின்சம் முதல் உறையை எடுத்து
ரொட்டித்தூளைத் தட்டினாள்,
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

‘அன்புள்ள திருமதி உபா’
என்று உரக்கத் தொடங்கினாள்.