பதினேழாம் எண்

குளிர்பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்.
காதை ஒட்டவைத்தால் போதும்,
கம்ப்ரஸரில் எண்ணெய் வற்றியிருக்கிறதா,
ரிலே சோம்பல் முறிக்கிறதா,
கதவு ரப்பர் பல் போன வாயாய்க் காற்றை விடுகிறதா,
சொல்லிவிடுவேன்.

முதலில் தொழிலுக்காகத்தான் பதிந்தேன்.
படையாச்சி வீட்டு ஃப்ரீஸர், செவ்வாய், காலை எட்டு மணி.
வீராசாமி கறிக்கடைப் பெட்டி, சனி இரவு.
கெட்டதையும் நல்லதையும் அடுத்தடுத்து ஓடவிட்டு
எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்ப்பேன்.

எங்கே தடம் மாறியது, தெரியாது.
பழுதே இல்லாத பெட்டி ஒன்றைப்
பதினோரு நிமிடம் பதிந்துகொண்டு நின்றிருக்கிறேன்.
'எவ்வளவு ஆகும்?' என்றாள் கனகி.
ஒன்றும் ஆகாது என்றேன்.
நம்பாமல் டீ போட்டுத் தந்தாள்.
கெட்டில் கொதித்ததையும் பதிந்துகொண்டேன்.

சாட்ஸ்வொர்த்தில் கரண்ட் போவதற்கு அட்டவணை உண்டு.
போகும்போது நாற்பத்தொரு வீடும் ஒன்றாய்ச் சாகும்.
வரும்போது அப்படியில்லை.
மூன்றாம் மாடி முந்திக்கொள்ளும்,
தரைத்தளம் இருமும்,
ஒன்று உதறிக்கொண்டு எழும், ஒன்று
எழுப்பினாலும் புரண்டு படுக்கும்.
அந்த அரை நிமிடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.
படிக்கட்டில், சுவரில், ஜன்னல் கம்பியில்
மைக்கை டேப் போட்டு ஒட்டினேன். எண் கொடுத்தேன்.

பதினேழு: இரண்டாம் மாடி, தையல்காரி நொம்புசோ.
நோட்டில் எழுதினேன்:
பழைய மாடல். தாழ்ந்த சுருதி. சீரான ஓட்டம்.
இடையிடையே மூச்சு வாங்குகிறது.
தெர்மோஸ்டாட் சந்தேகம்.

வெட்டி, ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
ஒன்பது நிமிடம் ஆக்கினேன்.
எல்லோரையும் கூப்பிட்ட வியாழக்கிழமை
அட்டவணை எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.
ஹாலில் கரண்ட் இல்லை. வண்டியில் பேட்டரி இருந்தது.

டொயோட்டாவின் நான்கு கதவையும் திறந்துவைத்தேன்.
ஆற்றுக்கு அப்பால் உம்லாசி மேடும் இருண்டு கிடந்தது.
மெழுகுவர்த்தியோடு வந்தார்கள்,
பிள்ளைகள் பானெட்டில் ஏறிக்கொண்டார்கள்.
மேலே பெட்டிகளுக்குள் மீன் இளகிக்கொண்டிருக்க
கீழே அதே பெட்டிகள் உறுமின.
'ஏய், அது எங்களுது!'
'என்னுடையது இவ்வளவு சத்தம் போடாது'
என்று படையாச்சி மட்டும் சண்டைக்கு வந்தார்.

நொம்புசோ கையை உயர்த்தினாள்.
நிறுத்து. பின்னால் போ. இன்னொரு தரம்.
மூன்றாம் தரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
'என்னிடம் பெட்டி ஏது?
ஏப்ரலிலேயே விற்றுவிட்டேன், பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு.
இது நான்.'

கரண்ட் வந்த உடனே மெஷினில் உட்காருவாளாம்.
கை ஓடினால் வாய் சும்மா இருக்காதாம்.

யாரும் சிரிக்கவில்லை, அவள் சிரிக்கும்வரை.
இருபத்தாறு வருடத்துக் காது
என் தலையின் இரு பக்கமும் சூடாகத் தொங்கியது.
எடுத்துவிடட்டுமா என்றேன்,
விரல் ஏற்கெனவே பொத்தானில் இருந்தது.

யோசித்தாள்.
'இருக்கட்டும். அந்த மூச்சு வாங்கும் இடத்தை
வெட்டிவிடாதே.
அங்கேதான் ஊசியில் நூல் கோக்கிறேன்.'

ஒன்பதரைக்கு வெளிச்சம் வந்தது.
மீனைக் காப்பாற்ற எல்லோரும் மேலே ஓடினார்கள்.
நாற்பது பெட்டிகள், முன்பின்னாக.

வண்டி விளக்கில் நோட்டைத் திறந்து
'தெர்மோஸ்டாட் சந்தேகம்' என்பதை அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது?
இரண்டாம் மாடியில் தையல் மெஷின் புறப்பட்டது.
நெடுநேரம் நின்றேன், மைக் இல்லாமல்.

மெஷின் மட்டும்தான் ஓடியது.
கீழே ஒருவன் கேட்கிறான் என்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.