வெறுங்கரி

ஊமல்கரி, இருபது மில்லிகிராம்.
பிளாற்றினக் கிண்ணத்தில், மயிர்க்கம்பியில் தொங்க,
எண்ணூற்றைம்பது பாகை உலைக்குள் இறக்குகிறேன்.
நீராவி வரும். கரி வாயுவாகிக் குழாய்வழி போகும்.
தராசு சொல்லும்: பத்தொன்பது, பதினெட்டரை.
இல்லாமற் போவதை நிறுப்பது என் வேலை.

நிக்கல் பூசிய கரி ஒன்று.
முதல் அரைமணி பாய்ந்து பாய்ந்து தின்னும்,
பிறகு சூட்டில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி
உருண்டு, பருத்து, சோம்பிவிடும்
மதியச் சோற்றுக்குப் பிறகான கந்தோர் மாதிரி.

இரும்பு பூசியது இன்னொன்று.
அதைப் பாதியில் வெளியே எடுத்து
நுணுக்குக்காட்டியில் வைத்தால்
வண்டு துளைத்த கட்டைபோல வளைந்த பொந்துகள்,
ஒவ்வொரு பொந்தின் முனையிலும் ஒரு பொட்டு இரும்பு,
தோண்டிய கையோடு நிற்கிறது.
தோண்டியது குறைந்திருக்கிறது. தான் குறையவில்லை.

மூன்றாவது வெறுங்கரி.
அமிலத்தில் அவித்து, அலசி, ஒன்றும் பூசாதது.
அது மெதுவாகத்தான் போகவேண்டும்.
மற்றதுகளின் வேகத்தைச் சொல்ல
மெதுவாய்ப் போகிற ஒன்று வேண்டுமே.

மாசியில் அது இரும்பை முந்தியது.

உலையைச் சந்தேகித்தேன். வெப்பவிணையை மாற்றினேன்.
கிண்ணத்தை, தராசை,
சிட்டை ஒட்டிய என் கையை.
பதினொரு தரம் ஓட்டினேன்.
பதினொரு தரமும் முந்தியது.
கொழும்பிலிருந்து காசு கட்டி எடுத்த
நிக்கல் நைத்திரேற்றுப் போத்தல்
அலுமாரிக்குள் பச்சையாய் இருந்து பார்த்தது.

"வடிநீர் மெசின் தையிலை இருந்து பழுதெல்லோ, தங்கச்சி,"
கேத்திலைக் கழுவியபடி இரட்ணசோதி அண்ணை சொன்னார்.
"கிணத்துத் தண்ணியிலைதான் அலசினனான்.
நல்ல தெளிஞ்ச தண்ணி."

கேத்திலின் அடியில் வெள்ளைப் படை.
நகத்தால் சுரண்டினேன். தட்டாய்க் கழன்றது.

கல்சியம்.
திருநெல்வேலிக்குக் கீழே, கோண்டாவிலுக்குக் கீழே
ஒரு காலத்துக் கடலின் சிப்பியெல்லாம் கல்லாய்க் கிடக்கிறது.
மாரிமழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்து,
வளாகத்துக் கிணற்றில் ஊறி,
மோட்டரில் ஏறி, தாங்கியில் இருந்து,
சவர்க்காரம் நுரைக்காத வாளியாகி
என் கரியின் ஒவ்வொரு துளைக்குள்ளும்
கேளாமற் குடியேறியிருக்கிறது.
பூசாமலே பூசிய உலோகம்.
மூன்று மாதம் அதற்கு நான்
வெறும் என்று பெயரிட்டிருந்தேன்.

மெசின் திருத்தி வந்தது சித்திரையில்.
வடித்த நீரில் ஏழு தரம் அலசிய கரி
ஐந்து மணித்தியாலமாய் நகர மறுத்தது.
சரியான விடை. எனக்கு அலுத்துப்போனது.
வெளியே கறண்ட் போய், ஜெனரேற்றர் இருமி,
இரட்ணசோதி அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்தார்,
அதே கிணற்றுத் தண்ணீரில்.

குடித்துவிட்டுப் பழைய கரியை இன்னொருமுறை இறக்கினேன்,
கணக்குக்கு இல்லை, சும்மா.
எல்லாம் போய்முடிந்த பிறகு
கிண்ணத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு.
பூச்சியம் தசம் மூன்று.
தூசி என்று ஊதக் குனிந்தவரின்
தோளைப் பிடித்து நிறுத்தினேன்.