நாக்கு அவசரம்

பச்சூர் வரை பெயர்ப்பலகையில் தமிழ் மேலே.
மல்லானூரில் தெலுங்கு ஏறி உட்கார்ந்துவிடும்.
குப்பத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ,
மாம்பழக் கூழ் ஃபேக்டரி, பரிசோதனை அறை.
அடுத்த மேசை ரெட்டெம்மாவுடையது.
பதினோரு வருடம்.
அதில் கடைசி மூன்று மாதம்
சீட்டில் எழுதித் தள்ளிக்கொண்டோம், பேசவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.
பித்தப்பையில் கல். பங்குனியில் ஆபரேஷன்,
அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்து ஆஸ்பத்திரியில்.
முந்தின இரவு போன் செய்தாள்:
"நேனு ரானா?"
"அவசரம் லேது" என்றேன்.

என் ஊரில் அதற்கு மெதுவாக வா என்று பொருள்.
அவள் ஊரில், நீ தேவையில்லை.

அவள் வரவில்லை.
பக்கத்துக் கட்டில்காரியின் மகள்
எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வந்தாள்.
"எட்டிக்கூடப் பாக்கல" என்று
கேண்டீனில் சொன்னேன், ரயிலில் சொன்னேன்,
தையல் பிரிக்க வந்த நர்ஸிடமும் சொன்னேன்.

ஆனியில் ஒருநாள்,
குடியாத்தத்திலிருந்து புதிதாய் வந்த பையன்
கேட்டில் நின்ற லாரிக்காரரிடம்
"அவசரம் லேது அண்ணா" என்று சொல்லிவைக்க,
எட்டு டன் தோத்தாபுரியோடு
அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.
ஃபேக்டரியே சிரித்தது.
ரெட்டெம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தாள்.
நான் இனிப்பு அளக்கும் குழலுக்குள்
கண்ணை வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ரயிலில் நிம்மதியாக இருந்தது.
குற்றவாளி அகப்பட்டாயிற்று: ஒரு சொல்.
நாளைக்கே சொல்லிவிடலாம்,
பாஷை செய்த கோளாறு என்று.
பிரிக்ஸ் சீட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
'நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட' என்று தொடங்கி அடித்தேன்.
'உனக்கு வருத்தமா இருந்திருந்தா' என்று எழுதி
அந்த 'இருந்திருந்தா'வைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
சோமநாயக்கன்பட்டி போய்விட்டது.

தெலுங்கு எழுதத் தெரியாது எனக்கு.
எனக்கு நீ தேவை என்பதைத்
தமிழ் எழுத்தில் இறக்கினேன்:
நாக்கு அவசரம்.
தமிழாய்ப் படித்தால் இன்னொரு சாக்கு கிடைத்தது.
ஆனால் நாக்கு அவசரப்படவில்லையே.
நிதானமாகத்தான் சொன்னது.

ஒவ்வொரு லோடுக்கு முன்னும்
கண்ணாடியில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு
கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.
இல்லையென்றால் பழத்தின் மேல் பழி விழும்.
இதைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பதினோரு வருடமாய்த் தெலுங்கில் பேரம் பேசுகிறேன்,
திட்டுகிறேன், கனவில்கூடப் பெட்டி எண்ணுகிறேன்.
அந்தச் சொல் மட்டுமா தெரியாது?
தையில் அவளை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.
நான்தான் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.
வாயில் இனித்தது தொண்டையில் நின்றுபோனது.
வேண்டாம் என்றுதான் சொன்னேன்.
சொல்லிவிட்டு,
வேண்டாம் என்றதையும் மீறி ஒருத்தி வருவாள் என்று
வார்டு வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.
இரண்டும் நான்தான்.

மறுநாள் இரண்டு லோடுக்கு நடுவே
கூழ் ஒட்டிய விரல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
சீட்டை எடுக்கவில்லை நான்.
"அன்னைக்கு வராதேன்னுதான் சொன்னேன்.
உனக்கு இன்சார்ஜ் குடுத்தது எனக்குப் பொறுக்கல.
நீ வரணும்னும் இருந்தது" என்றேன்.
பாதி தமிழ், பாதி தெலுங்கு,
குரல் நினைத்ததைவிடச் சின்னதாய் வந்தது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.
"நானும் பதினோரு வருஷமாத் தமிழ் கேக்கிறேன்" என்றாள்.
"மெதுவா வான்னும் அதுக்கு அர்த்தம் உண்டுன்னு
எனக்குத் தெரியாதா?
எனக்குத் தோதானதை எடுத்துக்கிட்டேன்."

கேட்டில் ஹாரன்.
குழாயை யாரும் மூடியிருக்கவில்லை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.