எந்தப் பக்கம் கிறுகுற

கல்லடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
எங்கள் ஒபிஸ். மூன்று கதிரை,
நண்டு நடக்கிற சத்தத்தோடு ஒரு குளிரூட்டி.
இங்கிருந்துதான் எட்டுப் பேரை
டிரினிடாட் கார்னிவலுக்கு அனுப்பியிருக்கிறேன்.
நான் போனதில்லை.
பாஸ்போர்ட்டுக்கு ஒருதரம் போட்டோ பிடித்தேன்,
காது தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

ஆனால் கேளுங்கள்,
போர்ட் ஒஃப் ஸ்பெயினில் எந்தத் தெருவை
எத்தனை மணிக்குக் கயிறு கட்டி மறிப்பார்கள்,
கடலைக்கறி ரொட்டிக்காரி எந்த மூலையில் நிற்பாள்,
எல்லாம் சொல்வேன்.

"சிறு குழு, பண்பாட்டுச் சுற்றுலா, ஒன்பது நாள்":
அது லண்டன் முதலாளியின் வாசகம்.
உருக்குமேளக் கொட்டகைக்குப் போகும் இரவை மட்டும்
நான் எழுதினேன்.
எண்ணெய்ப் பீப்பாயின் அடியைத் தட்டித் தட்டிக் குழித்தால்
குழிக்கு ஒரு சுரம் இருக்கும் என்று.
எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்திருந்தேன்.
எங்களுக்குப் பீப்பா என்றால்
மண் நிரப்பி, வெள்ளையடித்து, பாலத்தடியில் நிற்பது.
தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.
தட்டியிருந்தால் சுட்டிருப்பார்கள்.

திங்கள். அங்கே விடிகாலை நான்கு,
சேறு பூசி ஆடத் தொடங்குகிற நேரம்.
இங்கே பகல் ஒன்றரை. கறன்ட் இல்லை.
சோற்றுப் பார்சலைப் பிரித்து
கீரிமீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறேன்,
அவசர நம்பர் அடிக்கிறது.
முழங்கையால் போனை அழுத்தினேன்.

முதலில் மேளம். பிறகு லொறியில் கட்டிய ஸ்பீக்கர்.
அதற்குள்ளே எங்கோ மிஸஸ் ஓல்சன்.
ஆர். ஓல்சன், பேர்கன், ஐம்பத்தொரு வயது, தனி அறை.
குழுவைத் தவறவிட்டாவாம். மூக்குக்கண்ணாடி சேற்றோடு போயிற்றாம்.
எல்லாரும் ஒரே நிறமாம்.
ஒவ்வொரு சொல்லையும் கழுவி வைத்த மாதிரி
நல்ல இங்கிலீஷ்.

வரைபடத்தில் அவவின் நீலப் புள்ளி
தெரு நடுவில் நடுங்கிக்கொண்டிருந்தது.
நேரே நடங்கள், ஒரு பேக்கரி வரும் என்றேன்.
பின்னாலிருந்து கூட்டம் தள்ளியிருக்க வேண்டும்.
ஒரு குழறல்.
பிறகு, இங்கிலீஷ் எல்லாம் கீழே விழுந்துபோய்,

"எந்தப் பக்கம் கிறுகுற? எந்தப் பக்கங்கா கிறுகுற?"

கொழும்பில் திரும்புவார்கள்.
யாழ்ப்பாணத்தில் திரும்புவார்கள்.
சென்னைப் படங்களில் எல்லாரும் திரும்புகிறார்கள்.
கிறுகுகிறவர்கள் நாங்கள்.

கையில் சோறு காய்ந்தது.
"இடப்பக்கம் கிறுகுங்க அக்கா.
மறுகா ஒரு மஞ்சள் கேட். அதில சாய்ஞ்சி நில்லுங்க.
வானை அனுப்புறன்."

கொஞ்ச நேரம் மேளம் மட்டும்.
எந்த ஊர் என்று கேட்க வாயெடுத்தேன்.
வந்தாறுமூலையா, களுவாஞ்சிக்குடியா, படுவான்கரையா,
எந்த வருஷம் போனீங்க,
யாரை விட்டுட்டுப் போனீங்க.
அவ முந்திக்கொண்டா:
"ஒண்டும் கேக்காதீங்க புள்ள."

பதிவேட்டில் எழுதினேன்:
விருந்தினர் வழி தவறினார். எட்டு நிமிடத்தில் மீட்கப்பட்டார்.
மொழி என்ற பெட்டியில்
ஆங்கிலம் என்றே இருந்தது. மாற்றவில்லை.

அந்த 'ஆர்' இரண்டு இரவு என்னைத் தூங்கவிடவில்லை.
ரஞ்சிதம். ராசமலர். றெஜினா.
ஒன்றும் அந்தக் குரலில் பொருந்தவில்லை.

விபூதிப் புதன். தாண்டவன்வெளியில் காலை ஆறு மணிப் பூசை.
ஃபாதர் என் நெற்றியில் சாம்பலை வைத்து
மண்ணைப் பற்றிய அந்தப் பழைய சொல்லைச் சொல்கையில்
கைப்பையில் போன் அதிர்ந்தது.
வாசலுக்கு வந்து பார்த்தேன்.
ஒரு படம். முழங்காலுக்குக் கீழே மட்டும்:
நீல இறகு ஒட்டிய சப்பாத்து, பக்கத்தில்
யாருடையதோ கட்டைக்கால் ஒன்று.
அதற்கடியில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:

இஞ்ச இன்னும் செவ்வாய்தான். ஆடுறன்.

நெற்றியைத் துடைக்காமல் பாலத்தால் நடந்தேன்.
வியாழக்கிழமை விமான நிலைய வான்
இன்னும் உறுதியாகவில்லை.
எட்டு இருக்கை வேண்டும்,
அதில் ஒன்று யன்னலோரம்.