குளிர்ந்திருக்கும்போது முப்பத்து மூன்று

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
டயர்க்கடை தணிகைவேல் கேட்ட முதல் கேள்வி:
"சார் வரலையாம்மா?"
வண்டி என் பேரில் இருக்கிறது என்றேன்.
கடனும்.

ஆயிரத்து இருநூறு சிசி, ஒரு டர்போ,
எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது.
பார்த்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வண்டி.
மூவாயிரம் சுற்றைத் தாண்டினால்
குரல் மாறும்.

அவர் உருட்டி வந்தது இருநூற்றைந்து அகலம்.
"ரோட்டக் கவ்விக்கினு போவும்."
நான் குனிந்து
டயரின் விலாவில் நாலு இலக்கம் தேடினேன்.
எந்த வாரம், எந்த வருஷம்.
மூன்று கோடை கிடங்கில் வெந்த ரப்பர்.
"இன்னாம்மா, முட்டையா வாங்குற, தேதி பாத்துகினு?"

இதயத்தை நிறுத்தி வைத்துத் தைக்கும் நேரத்தில்
அதன் வேலையை ஒரு இயந்திரம் செய்யும்.
அதை ஓட்டுகிறவள் நான்.
அழுத்தம், வெப்பம், ஓட்டம்:
பதினோரு வருஷமாக இந்த மூன்று எண்களின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
தணிகைவேலிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை ஏற்றுவார்.

ராணிப்பேட்டை சிப்காட்டின் பின்தெரு.
தோல் வாடைக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை.
பானெட்டின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு
அத்தீக் சொன்னான்:
"நூத்திப் பதினெட்டு குதிரை இருக்கு.
நூத்தி நாப்பத்தஞ்சு ஆக்கித் தரேன்.
ஒரு மணி நேரம். ஒரு போல்ட்டுகூடக் கழட்ட வேணாம்."

எந்தப் பெட்ரோலுக்கு என்றேன்.
எந்த வெப்பத்துக்கு?

நிமிர்ந்து பார்த்தான்.
லேப்டாப்பைப் பாதி மூடினான்.
"டிசம்பர் விடியக்காலைல நூத்தி நாப்பத்தஞ்சு.
அக்னி நட்சத்திரத்துல, காட்பாடி பாலத்து நெரிசல்ல
உள்ள போற காத்தே அறுபது டிகிரி.
இன்ஜின் கம்ப்யூட்டர் பயந்துபோய்ப் பின்வாங்கிடும்."

அப்படியென்றால் இருபத்தேழு குதிரைகளும்
சித்திரையில் படுத்துக்கொள்ளும்.

"பெரிய இன்டர்கூலர் போட்டா எழுந்துக்கும்.
அது தனி நாப்பதாயிரம்.
அப்புறம் கிளட்ச்."
அப்புறம்?
"அப்புறம் பிரேக்."
அப்புறத்துக்கு அப்புறம் என்ன என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தான்.

கையில் இருந்தது அறுபத்திரண்டாயிரம்.

கம்பெனி போட்ட நூற்றுத் தொண்ணூற்றைந்தே போதும்,
ஆனால் இந்த வருஷம் ஒன்பதாம் வாரம் பிறந்ததாக வேண்டும் என்றேன்.
சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆனது.
மீதிப் பணத்தில் பிரேக் பேடும் புது ஆயிலும்.
காற்றடிக்கும் பையன் நாற்பது வைத்தான்.
முப்பத்து மூன்று, என்றேன்,
அதையும் வெயிலில் அளக்காதே தம்பி,
குளிர்ந்திருக்கும்போது.

"வேலூர்ல எப்பக்கா குளிரும்?"

நியாயமான கேள்வி.
ஞாயிறு விடிகாலை நாலரைக்கு
வீட்டு வாசலில் நானே குந்தி அளந்தேன்.

ஏலகிரி. பதினாலு வளைவு. இரண்டாம் கியர்.
ஏழாவதில், கைப்பிடிச் சுவரில் குரங்குகள்
வரிசையாக உட்கார்ந்து பார்த்திருக்க,
டயர் முனகியது.
பிடி விடப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லும் முனகல்.
பழையது சொல்லாமல் போய்விடும்.
காலைக் கொஞ்சம் தளர்த்தினேன்.
முனகல் நின்றது.
அடுத்த வளைவில்
வேண்டுமென்றே இன்னொரு முறை கேட்டேன்.

திரும்பி வரும்போது ஆம்பூர் தாண்டி நேர்ரோட்டில்
ஒரு கறுப்பு எஸ்யூவி
கொட்டாவி விட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனது.
அந்த இருபத்தேழும் வேண்டும் என்றிருந்தது.
இன்னும் இருக்கிறது.
அத்தீக்கின் நம்பரை அழிக்கவில்லை.

திங்கள் காலை, ஆஸ்பத்திரி பார்க்கிங்.
புது டயருக்கு ரப்பர் மயிர் இருக்கும், பூனை மீசை மாதிரி.
இடது முன்சக்கரத்தில் அப்படியே நின்றது.
வலது முன்சக்கரத்தின் வெளித்தோளில்
ஒன்றுகூட இல்லை.
விரலால் தடவிப் பார்த்தேன்.
பிறகு போய்
முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.