மூவாயிரத்து எண்ணூறு

டிசம்பர் இருபத்தொன்று. சாய்ந்தமருதில் மூன்றாம் நாள் மழை.
தங்க அட்டைக்கு நாற்பதாயிரம் புள்ளி வேண்டும்.
என்னிடம் முப்பத்தாறாயிரத்து இருநூறு.
பத்து நாளில் மூவாயிரத்து எண்ணூறு தேட வேண்டும்,
இல்லாவிட்டால் எல்லாம் அழிந்து போகும்.

சிங்கப்பூர் போய் வந்தால் சரி.
ஊருக்குள் இறங்கத் தேவையில்லை.
ஒரு வாசலால் வெளியேறி
நாலு மணித்தியாலம் தரைவிரிப்பில் நடந்து
அதே விமானத்தில் திரும்ப ஏறிக் குந்தினால் போதும்.
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

சிபானா சிரிக்கவில்லை.
பிரதேச சபையில் வரி அறவிடுகிறவள்;
எந்த மடமையையும் முதலில் கூட்டிப் பார்ப்பாள்.
கரண்ட் பில்லைப் புரட்டிக் கோடு கீறினாள்.

"அங்க இருந்து சாப்பிடுற அறை. வருசத்துக்கு எத்தின தரம்?"
பதினொன்று என்றேன்.
"என்ன தருவானுகள்?"
சூப். கடலை. விரல் நீளத்தில் பாண்.
"அறுநூறு ரூபா போடுறன்."
பதினைந்து கிலோ மேலதிகம் என்றேன்.
"நீங்க சுமந்து வாற பால்மா
இப்ப மருதமுனைக் கடையிலயும் இருக்கு."
அதற்கு அவள் ஒன்றும் போடவில்லை.
முன்வரிசையில் நிற்கலாம் என்றேன்.
"முன்னுக்கு ஏறினா முன்னுக்குப் போய்ச் சேருமா?"

மஸ்கட்டில் கடல்நீருக்கு உப்புப் பிரிக்கும் இயந்திரங்கள்,
அவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான்.
மனிதனுக்கு விலை போட்டுப் பழக்கமில்லை.
நான் சொல்லாமல் விட்ட ஒன்றை
அவளே நாலாவது வரியாக எழுதினாள்:
மாமா.
பக்கத்தில் இடம் விட்டாள்.

அந்த மார்ச் இரவு விமானம் நிரம்பியிருந்தது.
காத்திருப்போர் பட்டியலில் நான் நாலாவது.
வாப்பா மௌத்தாகி இரண்டு மணித்தியாலம்.
யாரும் என்னைத் தள்ளவில்லை, யாரும் ஏசவில்லை,
திரையில் என் பெயர் மட்டும் சறுக்கிக்கொண்டு போனது,
ஐந்து, ஆறு, ஏழு.
தங்க அட்டைக்காரர் மூவரும் நல்ல மனிதர்கள்தான்,
ஒருவர் என்னைப் பார்த்துச் சலாம் சொல்லிவிட்டே ஏறினார்.
அடுத்த நாள் மைத்துனன் அனுப்பிய வீடியோ
மண் போடுகிற இடத்தில் வட்டம் சுற்றி நின்றது.

"அண்டைக்கு சீட் கிடைச்சிருந்தா"
சிபானா மெதுவாகத்தான் சொன்னாள்,
"கட்டுநாயக்கா நாலே முக்கால்.
வேன் அஞ்சரை. மஹாஓயாப் பாதையால எட்டு மணித்தியாலம்,
ஆன மறிக்காட்டி.
ஒண்டரை. ஜனாஸா எடுத்தது ஒண்டு பத்துக்கு."

இருபது நிமிசம்தானே, வைத்திருந்திருப்பார்கள் என்றேன்.

"வெச்சிருந்திருப்பாங்க" என்றாள்.
இருபது என்று எழுதினாள்.
அதற்கு ரூபா எழுதவில்லை.

உள்ளறையில் உம்மா இருமிய சத்தம் கேட்டது.
இரண்டு பேரும் பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் சிங்கப்பூர் போகவில்லை.
கம்பனிக்கு ஒரு கடிதம் போட்டேன்:
மஸ்கட் வேண்டாம், மாலேக்கு மாற்றுங்கள்.
சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு.
ஒன்றரை மணித்தியாலப் பறப்பு, நாளுக்குப் பல விமானம்,
ஒரு பயணத்துக்குப் பிச்சைக்காசு போலப் புள்ளி.
தங்கம் இனி இல்லை. இந்தக் கணக்கில் வெள்ளியும் கழன்றுவிடும்.

முப்பத்தொன்று நள்ளிரவு குறுஞ்செய்தி வந்தது.
தங்கள் இருப்பு பூச்சியம்.
புதுவருட வாழ்த்துகள், மதிப்புக்குரிய அஸ்மிர் அவர்களே.

சரியாகத்தான் செய்தேனா, தெரியாது.
மாலேயிலும் விமானம் நிரம்பும்.
மஹாஓயாவில் ஆனையும் நிற்கும்.

வெள்ளி அட்டை இப்போது உம்மாவின் ஜன்னலில்,
மழைக்கு ஊதிப்போன சட்டத்தின் இடுக்கில்,
காற்றுக்கு அடிக்காமல் செருகியிருக்கிறது.
சில இரவுகளில் கழன்று விழும்.
எழும்பிப் போய்த் திரும்பச் செருகிவிட்டு
அவவுடைய மூச்சு வருகிறதா என்று
கொஞ்சநேரம் நிற்பேன்.