கேரியர் இல்லாத சைக்கிள்

பொத்துவில் வரைக்கும் நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர்.
பேர் கொடுத்துவிட்டேன்.
வயது என்ற கட்டத்தில் ஐம்பத்தொன்பது.
பார்மசி நிஸ்தார் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்து
ஐந்தா மூன்றா என்று கேட்டான்.
ஐந்துதான் தம்பி.
அனுபவம் என்ற கட்டத்தில்
'பின் கேரியர், முப்பத்தாறு வருஷம்' என்று
எழுத நினைத்து, கோடு போட்டேன்.

உண்மையில் அதுதான் நான் அறிந்த சவாரி.
கால் இரண்டும் இடப்பக்கம் தொங்க
மடியில் பை, பையில் மீன்,
ஒரு கை சீற்றுக் கம்பியில்.
கல்முனைக்குப் போகையில் கடற்பக்கம் பார்ப்பேன்,
திரும்புகையில் வாவிப்பக்கம்.
குருக்கள்மடத்தில் எந்த வளவில் எந்த மா முதலில் பூக்கும்,
எந்த மதில் எந்த வருஷம் சல்லடையானது,
எல்லாம் தெரியும்.
வீதியின் முன்பக்கம் மட்டும் தெரியாது.
அங்கே அவருடைய சட்டை இருந்தது.
வியர்வை நடுமுதுகில் ஓர் இலைபோலத் தொடங்கும்,
களுவாஞ்சிகுடி வர
தோள்வரை படர்ந்திருக்கும்.
தூரத்தை அப்படித்தான் அளந்தேன்.

சித்திரை முடிய, கல்லடிக் கடற்கரையில்
வெள்ளாப்புக்கு முன் தொடங்கினேன்,
நாய்களும் தோணிக்காரரும் மட்டும் பார்க்க.
முதல் கிழமை விழுந்தது பதினொரு தரம்.
பன்னிரண்டாவது கணக்கில் வராது,
அது சைக்கிள் விழுந்தது, நான் நின்றேன்.
டெரன்ஸ் எனக்கு ஒரு கிழமை மூத்த மாணவர்,
தச்சு வேலை, புளியந்தீவு, அறுபத்தாறு வயது.
"பாக்கிற இடத்துக்குத்தான் மிசிஸ் சைக்கிள் போகும்.
குழியப் பாத்தா குழிக்கு."
சொல்லிக்கொண்டே குழிக்குள் போனார்.

பழைய பாலத்தில் நின்றால் மீன் பாடுமாம்.
எனக்குக் கேட்டது என் முழங்கால்.

பஞ்சு வைத்த காற்சட்டை ஒன்றும் வேண்டுமாம்.
சல்வாருக்குள் போட்டுக்கொண்டு
முட்டைக்கு இடம் தேடும் வாத்துப்போல
வீட்டைச் சுற்றி நடந்து பழகினேன்.
கிளினிக்கில் பிரஷர் பார்த்த பிள்ளை கேட்டாள்:
எங்க அம்மா போறீங்க?
பொத்துவிலுக்கு.
பஸ் இருக்கே.
ஓம், இருக்குது.

போன ஞாயிறு செட்டிபாளையம் போய்த் திரும்பினோம்.
கிரான்குளத்தில் கச்சான் எழும்பி
விலாவில் இடித்தது, கடன் கேட்க வந்தவன்போல
விடாமல்.
மற்றவர்கள் தூரத்தில் கடுகாய்ச் சிறுத்தார்கள்.
நிஸ்தார் கிறுகி வந்தான்.
"எனக்குப் பின்னால ஒட்டி வாங்க அக்கா,
காத்துத் தெரியாது."
ஒட்டினேன்.
தெரியவில்லைதான்.
மூச்சு வந்தது, கால் இலேசானது,
கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு,
அதன் நடுவில்
ஓர் இலை.

தாழங்குடா வரை அப்படியே வந்தேன்.
பொய் சொல்லக்கூடாது, சுகமாய் இருந்தது.
மறுகா மணியை அடித்தேன்.
நான் முன்னால போறன் தம்பி.
பாவம், என்னமோ தவறாய்ச் சொல்லிவிட்டதாக நினைத்தான்.

முன்னால் ஒன்றும் இல்லை.
தார், அதன்மேல் நடுங்கும் வெயில்,
ஒரு மாடு, யோசித்துக்கொண்டு.
கண்ணில் மண்,
வாயில் ஒரு பூச்சி.
மணிக்குப் பதினொரு கிலோமீற்றர் என்று
பிறகு சொன்னார்கள், மரியாதையாக.
ஆரையம்பதிவரை
என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தான் அவன்.

நாளைக்கு.
இடுப்பு ஒப்பரேசனுக்குப் பிறகு
சைக்கிளைத் தொடாதவர்
இரவு சாப்பிட்டு வந்து அதை இரண்டு சுற்றுச் சுற்றினார்,
டயரைப் பெருவிரலால் அமத்தினார்.
"கேரியர் இல்லையே."
இல்லை.
"சாமானெல்லாம் எங்க வைப்பாய்?"
திரும்பி நின்று காட்டினேன்.
குழுச் சட்டையின் பின்புறம் மூன்று பை.
வாழைப்பழம் ஒன்றில், ஒட்டுத் துண்டு ஒன்றில்.
நடுப் பைக்குள் பிரஷர் குளிசையை
அவர்தான் வைத்தார்.
கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது,
துணி நனைந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்போல.

நாலரைக்கு எழும்ப வேணும்.
பின் பிறேக் இன்னும் கீச்சிடுகிறது.